கல்லாப்பெட்டி எங்கே இருக்கிறது?

(தாம்பரத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வரியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று அறிவித்ததும் பின்வரிசையிலே ஒரு சலசலப்பு எழுந்தது. "நாடகக்காரனுக்குக் கணக்கு எதற்கு?" என்று ஒரு நண்பர் கேட்டது என் செவியிலும் விழத்தான் செய்தது. நியாயமான கேள்வி. கல்லூரிப் படிகளைப் பாதியிலே இறங்கி வந்தவன் நான். கணிதத்துக்கும் எனக்கும் அன்றே மனவேறுபாடு! ஆனால் நாடகம் எழுதுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. மேடையில் ஒரு பாத்திரம் நிற்கிறதென்றால், அது எந்த வாசல் வழியாக வந்தது, எந்த வாசல் வழியாகப் போகப்போகிறது என்று முதலிலே குறித்துக்கொள்வோம். பணமும் ஒரு பாத்திரந்தான். அது எந்த வாசலில் வருகிறது, எந்த வாசலில் நழுவுகிறது என்பதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம். ஏட்டை விரித்து இதைப் படித்துக்கொண்டிருக்கும் தோழரே, நீங்களும் திடலில் என் எதிரே அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

தாம்பரம் நெடுஞ்சாலையிலே, சானடோரியத்தை ஒட்டி, ஒரு நீண்ட மதில் இருக்கிறது. நீங்கள் நாள்தோறும் பேருந்திலே கடக்கிற மதில். "மெப்ஸ் இறங்கு!" என்று நடத்துநர் கூவுகிறாரே, அந்த இடம். 1984-இல் சென்னை ஏற்றுமதி வளாகமாகத் தொடங்கியது. இன்று அது சிறப்புப் பொருளாதார மண்டலம். அந்த மதிலுக்கு ஒரு மகிமை உண்டு. மதிலுக்கு இந்தப் பக்கம் தேநீர்க் கடை, அது தாம்பரம். அந்தப் பக்கம்? நிலம் தாம்பரத்து நிலம், நீர் தாம்பரத்து நீர், வேலைக்குப் போகிற தங்கை குரோம்பேட்டைத் தங்கை. ஆனால் சுங்கச் சட்டத்தின் கண்ணுக்கு அது நாட்டின் சுங்க எல்லைக்கு அப்பாற்பட்ட இடம்! உள்ளூரிலே ஓர் அயலூர். சட்டம் மனம் வைத்தால், காலடியில் கிடக்கும் மண்ணையே கடல் கடந்த மண்ணாக்கிக் காட்ட முடியும்.

இதை ஏன் சொல்கிறேன்? இதற்கு நேர் எதிரான ஒரு வித்தையும் நடக்கிறது. இங்கேயே இருந்துகொண்டு, இங்கேயே கடை விரித்துக்கொண்டு, "நான் இங்கே இல்லை" என்று சொல்கிற வித்தை!

பூம்புகார்த் துறையிலே வந்திறங்கிய மூட்டைகளை நிறுத்துப் பார்த்து, புலிச் சின்னம் பொறித்துச் சுங்கம் கொண்டார்கள் சோழனின் ஊழியர்கள் என்று பட்டினப்பாலை காட்டுகிறது. வள்ளுவர் அந்த வருவாயை உல்கு என்றார். அன்று மூட்டை இருந்தது, சின்னம் பொறிக்க இடம் இருந்தது. இன்று சேலையூரிலே ஒரு மாடியறையில் அமர்ந்து, அமெரிக்காவிலுள்ள ஒரு கடைக்கு இணையப் பக்கம் அமைத்துத் தருகிறான் ஒரு தம்பி. மூட்டை ஏது? துறைமுகம் ஏது? வேலை கம்பியிலே போகிறது, கூலி கம்பியிலே வருகிறது. அந்தக் கூலியை அங்கே வாங்கி இங்கே சேர்க்க ஒருவன் வேண்டுமே! அவன்தான் பணப் பட்டுவாடா நிறுவனம். பேமெண்ட் கேட்வே என்கிறார்களே, அந்த வகை. பெயர்கள் பல. பேபால் என்பது நீங்கள் கேட்ட பெயர். அட்டையின் மூலையில் இரண்டு வட்டங்கள் பின்னிக் கிடக்குமே, மாஸ்டர்கார்டு, அதுவும் இந்தப் பெருங்குடும்பந்தான். செட்டிநாட்டார் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் எழுதிய உண்டியல் செய்த வேலையைத்தான் இவர்கள் மின்னல் வேகத்தில் செய்கிறார்கள்.

தம்பி 1000 டாலருக்குப் பட்டியல் அனுப்புகிறான். வாடிக்கையாளர் 1000 டாலர் செலுத்துகிறார். இடையிலே நிற்கிற நிறுவனம் தன் கட்டணமாக 45 டாலர் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். டாலரை ரூபாயாக மாற்றுகிறபோது மாற்று விகிதத்திலே இன்னும் கொஞ்சம். தம்பியின் வங்கியிலே வந்து விழுவது எஞ்சியது. இப்போது என் கேள்வி: அந்த 45 டாலர் எந்த ஊரிலே சம்பாதிக்கப்பட்டது? தம்பி சேலையூரில். வாங்கியவர் அமெரிக்காவில். கட்டணம் கொண்டவன் கணக்கு வைத்திருப்பது வேறொரு நாட்டில். கல்லாப்பெட்டி எங்கே இருக்கிறது?

எந்த நாட்டில் கல்லா இருக்கிறதோ அந்த நாட்டுக்குத்தான் வரி. நாடுகள் தமக்குள் எழுதிக்கொண்ட உடன்படிக்கைகளில் இதற்கு நிலையான தொழிலிடம் என்று பெயர். அயல்நாட்டு நிறுவனத்துக்கு இங்கே நிலையான தொழிலிடம் இருந்தால், அதனால் விளைந்த லாபத்துக்கு இங்கே வரி. இல்லையென்றால், வாணிபத்தை இங்கே அள்ளிக்கொண்டு, வரியை அங்கே கிள்ளிக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

இதோ ஒரு வழக்கு. மாஸ்டர்கார்டின் சிங்கப்பூர் நிறுவனம், முன்கூட்டிய தீர்ப்புகளுக்கான ஆணையத்தின் முன் வந்து நின்றது. நீங்கள் தி.நகரிலே புடவை வாங்கி அட்டையை நீட்டுகிறீர்கள். அந்தச் செய்தி வங்கியிலே வைக்கப்பட்டிருக்கும் ஒரு சிறு பெட்டி வழியாக வெளிநாட்டுக் கணினிக்குப் போய், சரிபார்க்கப்பட்டுத் திரும்புகிறது. வங்கிகள் அதற்குக் கட்டணம் தருகின்றன. கட்டணம் சிங்கப்பூருக்குப் போகிறது. "ஐயன்மீர்! எங்கள் பெருங்கணினிகள் எல்லாம் அயல்நாட்டில். இங்கே இருப்பது ஒரு பெட்டி. அதுவும் எங்கள் பேரில் இல்லை, இந்தியத் துணை நிறுவனத்தின் பேரில். அது செய்வது எடுபிடி வேலை. ஆகவே நாங்கள் இங்கே இல்லை!" என்ற பொருள்பட வாதாடியது நிறுவனம்.

2018 ஜூனில் ஆணையம் தீர்ப்புச் சொன்னது. பெட்டி யார் பேரில் இருக்கிறது என்பது அல்ல. யாருடைய ஏவலுக்கு ஆடுகிறது என்பதே கேள்வி. பெட்டி இங்கே இருக்கிறது, வேலை இங்கே நடக்கிறது, ஆகவே நீயும் இங்கே இருக்கிறாய்! நிறுவனம் அதை ஏற்கவில்லை. தில்லி உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. பெரிய இடத்து வழக்கு, பெரிய வழக்கறிஞர்கள். ஒரு பெட்டி பெட்டிதானா என்று தீர்மானிப்பதற்கே ஆண்டுகள் உருள்கின்றன.

உச்ச நீதிமன்றத்தின் போக்கும் இந்தப் பக்கமே சாய்ந்திருக்கிறது. தில்லிக்கு அருகே நடந்த கார்ப் பந்தயம் நினைவிருக்கிறதா? மூன்றே நாள் பந்தயம். "மூன்று நாளில் எப்படி ஐயா நிலையான தொழிலிடம்?" என்றது அதை நடத்திய ஃபார்முலா ஒன் நிறுவனம். மூன்று நாளானாலும் களம் உன் கையில் இருந்தது, களத்திலே விளைந்ததும் உன் களஞ்சியத்துக்குப் போயிற்று என்று 2017-இல் சொன்னது நீதிமன்றம். 2025 ஜூலையில், ஹயாத் விடுதி வழக்கில், துபாய் நிறுவனம் "எங்களுக்கென்று ஒதுக்கிய ஓர் அறைகூட இல்லையே" என்றது. அறை இல்லாவிட்டால் என்ன, அதிகாரம் இருந்ததே என்றது நீதிமன்றம். நாற்காலி இல்லாதவன் நாட்டாண்மை செய்யவில்லையா? நம் ஊரில் கண்டதுதானே!

நீதிமன்றம் நீட்டிய கை அது. ஆட்சி பீடத்திலே இருப்போர் நீட்டிய கை எது?

2016-இல் ஒரு வரி வந்தது, சமன்படுத்தும் வரி என்ற பெயரில். அயல்நாட்டு நிறுவனத்துக்கு இங்கே கல்லா இல்லை என்று வாதாடினாலும் சரி, இணைய விளம்பரத்துக்காக இங்கிருந்து போகிற பணத்தில் 6 சதவீதத்தை இங்கே வைத்துவிட்டுப் போ என்றது அது. 2020-இல் இணைய வாணிபம் நடத்தும் அயலாருக்கு 2 சதவீதம் என்று விரிந்தது. அமெரிக்க அரசின் வர்த்தக அலுவலகம் விசாரணை நடத்தி, 2021 சனவரியில், இது எங்கள் நிறுவனங்களுக்கு இழைக்கப்படும் பாகுபாடு என்று அறிவித்தது. 2024 ஆகஸ்டு 1 அன்று 2 சதவீதம் மறைந்தது. 2025 ஏப்ரல் 1 அன்று 6 சதவீதமும் மறைந்தது. அதற்கு மறுநாள், ஏப்ரல் 2 அன்று, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உலக நாடுகளின் மீதெல்லாம் புதிய தீர்வைகளை அறிவித்தார். இந்தியாவும் அந்தப் பட்டியலில் இருந்தது! வரியையும் விட்டோம், தீர்வையையும் பெற்றோம்.

முதலாம் குலோத்துங்கனுக்குச் சுங்கம் தவிர்த்த சோழன் என்று பெயர். தன் நாட்டிலே வண்டி ஓட்டிய வணிகனுக்குச் சுங்கம் தவிர்த்தான் அவன். அயல்நாட்டு அரண்மனைகளுக்குச் சுங்கம் தவிர்த்தவர்களுக்கு என்ன பட்டம் சூட்டுவது? யோசித்துச் சொல்லுங்கள், என் அடுத்த நாடகத்துக்கு உதவும்.

இப்போது சேலையூர்த் தம்பியிடம் திரும்புவோம். அவனுக்குச் சட்டம் எத்தனை துல்லியம், தெரியுமா? 2010 நவம்பரில் ரிசர்வ் வங்கி விதி வகுத்தபோது, இத்தகைய நிறுவனங்கள் வழியாக ஒரே முறையில் 500 டாலருக்கு மேல் வரக்கூடாது. வந்த பணத்தை நிறுவனத்தின் கணக்கிலே உறங்க விடவும் கூடாது, உள்ளூர் வங்கிக்கு வந்தாக வேண்டும். 2011-இல் வரம்பு 3000 டாலராயிற்று, 2013-இல் 10,000. 2023 அக்டோபரில் புதிய விதி: எல்லை தாண்டிப் பணம் திரட்டித் தரும் நிறுவனங்களுக்குத் தனி அனுமதி, ஒரு பொருளுக்கு அல்லது சேவைக்கு 25 லட்சம் ரூபாய் உச்சவரம்பு. அவன் வாங்கும் ஒவ்வொரு டாலருக்கும் ஒரு நோக்கக் குறியீடு உண்டு. மென்பொருளுக்கா, ஆலோசனைக்கா, எதற்கு வந்தாய் என்று பணத்தை நிறுத்தி வைத்துக் கேட்கிறார்கள். புலிச் சின்னம் மறையவில்லை, தோழர்களே. மூட்டையின் மேலிருந்து தம்பியின் மேல் ஏறிக்கொண்டது!

குறை சொல்லவில்லை. நாட்டுக்குக் கணக்கு வேண்டும். அவனும் கொடுக்கட்டும். ஆனால் சரியாகக் கொடுக்கட்டும் என்பதற்காகவே சொல்கிறேன். இங்கேதான் நம் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள்.

முதல் தடுக்கல், மொத்தமும் மிச்சமும். வங்கியில் விழுந்தது 955 டாலர் மதிப்புள்ள ரூபாய். ஆகவே என் வரவு 955 என்று எழுதுகிறான் தம்பி. தவறு! அவன் வரவு 1000. பிடித்துக்கொண்ட 45, அவன் செய்த செலவு. முறையாகக் கணக்குப் புத்தகம் வைத்திருப்பவன் 1000-ஐ வரவிலும் 45-ஐச் செலவிலும் எழுதினால் வருமானம் ஒன்றுதானே என்பீர்கள். ஆம். ஆனால் தொழில்நுட்ப ஆலோசகர் போன்றோருக்கு, மொத்த வரவில் பாதியை வருமானமாகக் காட்டிவிட்டுப் புத்தகச் சுமையிலிருந்து விடுபடும் ஓர் எளிய முறை உண்டு. ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள், ரொக்கம் மிகக் குறைவென்றால் 75 லட்சத்துக்குள் இருப்போருக்கு. அந்தப் பாதி 1000-இல் பாதி, 955-இல் பாதி அல்ல. கட்டணமெல்லாம் மற்றப் பாதிக்குள்ளே அடங்கிவிட்டதாகக் கொள்ளப்படும். பட்டியல் ஒன்று சொல்லி, வங்கி ஒன்று சொல்லி, கணக்கு மூன்றாவதாக ஒன்று சொன்னால், அறிவிப்புக் கடிதம் வீட்டுக்கு வந்து நான்காவதாகப் பேசும்.

இரண்டாவது, சரக்கு மற்றும் சேவை வரி. ஏற்றுமதிச் சேவைக்கு வரி சுழியம். ஆனால் அது ஏற்றுமதிதான் என்று காட்ட, அந்நியச் செலாவணியாகப் பணம் வந்ததற்குச் சான்று வேண்டும். வங்கியின் வரவுச் சான்று! பலரும் அதைக் கேட்டு வாங்குவதே இல்லை. பேபால் கணக்கின் திரைப்படத்தை எடுத்து வைத்துக்கொண்டு அதையே சான்று என்று நம்புகிறார்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு வேண்டும். பதிவு செய்தபின் உறுதிமொழிக் கடிதம் ஒன்றைக் கொடுத்துவிட்டால் வரி கட்டாமலே ஏற்றுமதி செய்யலாம். இன்னொன்று, பலரும் கவனிக்காதது: கட்டணம் பிடிக்கிற நிறுவனம் வெளிநாட்டில் இருந்தால், அந்த 45 டாலர் சேவையை இறக்குமதி செய்தவன் தம்பி! பதிவு பெற்றவனாயிருந்தால் அதன்மேல் 18 சதவீதத்தை அவனே கட்ட வேண்டும். பிறகு வரவாக எடுத்துக்கொள்ளலாம், திரும்பவும் கேட்கலாம். ஆனால் முதலில் கட்ட வேண்டும். கல்லா சிங்கப்பூரில், அந்தக் கல்லாவுக்குரிய சேவை வரியைக் கட்டுகிற கை சேலையூரில்!

இந்தத் தொல்லைகளுக்கு நடுவில்தான் ஒரு மகானுபாவர் வருவார். காட்சியை எழுதிக் காட்டுகிறேன். கற்பனைப் பாத்திரங்கள்தாம், ஆயினும் வேளச்சேரியிலிருந்து பெருங்களத்தூர் வரை தேடினால் ஒருவரையாவது சந்திப்பீர்கள்.

தரகர்: தம்பி, இவ்வளவு திறமையை வைத்துக்கொண்டு இங்கே ஏன் அல்லற்படுகிறீர்? அமெரிக்காவிலே டெலவேர் என்று ஒரு மாநிலம். அங்கே உம் பேரில் ஒரு நிறுவனம் பதிவு செய்துவிடுவோம். பணப் பட்டுவாடா நிறுவனம் அந்தப் பேருக்குக் கணக்குத் திறக்கும். பணம் அங்கேயே இருக்கும். வரியா? மூச்!

தம்பி: நான் அமெரிக்காவுக்குப் போக வேண்டுமா, அய்யா?

தரகர்: போவானேன்? இந்த நாற்காலியிலேயே அமர்ந்திரும். நிறுவனம் அங்கே, நீர் இங்கே!

தம்பி: துபாயிலே திறந்தால் இன்னும் நல்லது என்கிறார்களே?

தரகர்: அங்கே வரி என்ற சொல்லே கிடையாது, தம்பி!

திரையை இறக்குங்கள். தரகரின் வாயிலிருந்து உதிர்ந்ததைப் பொறுக்கிப் பார்ப்போம். துபாயிலே வரியே இல்லை என்பது பழங்கதை. 2023 ஜூன் முதல், 3,75,000 திர்ஹாமுக்கு மேற்பட்ட நிறுவன லாபத்துக்கு 9 சதவீத வரி உண்டு. டெலவேரோ, அமெரிக்க வரித்துறைக்கு ஆண்டுதோறும் ஒரு படிவம் கேட்கிறது. அயலார் ஒருவரே உரிமையாளராக உள்ள நிறுவனம் அதைத் தரத் தவறினால் தண்டம் 25,000 டாலர்! அதைத் தரகர் சொல்லமாட்டார். தண்டம் வரும்போது அவர் தொலைபேசி எண்ணும் மாறியிருக்கும்.

அதைவிடப் பெரியது எது தெரியுமா? மாஸ்டர்கார்டு பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறு பெட்டி வங்கியிலே இருந்ததற்கே, நீ இங்கே இருக்கிறாய் என்றது ஆணையம். தம்பியின் டெலவேர் நிறுவனத்துக்கு எது பெட்டி? அவனேதான்! நாற்காலி சேலையூரில், மூளை சேலையூரில், கையெழுத்து சேலையூரில். அந்த நிறுவனத்துக்கு இங்கே நிலையான தொழிலிடம் இல்லை என்று எந்த வழக்கறிஞர் வாதாடுவார்? வாதாட வைக்கத் தம்பியிடம் சிங்கப்பூர்ப் பணம் இருக்கிறதா? ஆண்டு விற்பனை 50 கோடி ரூபாயைத் தாண்டாத அயல்நாட்டு நிறுவனத்தை, அதன் நிர்வாகம் இங்கே நடக்கிறது என்பதற்காகவே இந்திய நிறுவனமாகக் கருதமாட்டோம் என்று 2017-இல் வரித்துறை சுற்றறிக்கை விட்டிருக்கிறது. உண்மைதான். தரகர் அதைக் காட்டித்தான் ஆசை மூட்டுகிறார். ஆனால் தொழிலிடக் கேள்வி அதனால் தீரவில்லை. தீராமல் போனால், இங்கே விளைந்த லாபத்துக்கு அயல்நாட்டு நிறுவனத்துக்குரிய வரி விகிதம்: 2024-25 நிதியாண்டு முதல் 35 சதவீதம்! சொந்தப் பேரில், சொந்த ஊரில், மொத்த வரவில் பாதியைக் காட்டிப் படிநிலை விகிதத்திலே கட்டியிருந்தால் அதில் ஒரு சிறு பங்குதான் ஆகியிருக்கும்.

இன்னும் இருக்கிறது. வெளிநாட்டிலே நிறுவனம் தொடங்குவது அந்நியச் செலாவணிச் சட்டப்படி முதலீடு. 2022-இல் வந்த விதிகளின்படி வங்கி வழியே தெரிவிக்கப்பட வேண்டும். வருமான வரிப் படிவத்திலே வெளிநாட்டுச் சொத்துக்கென்று ஒரு பட்டியல் உண்டு. அங்குள்ள வங்கிக் கணக்கும் பங்கும் அதிலே ஏற வேண்டும். ஏற்றாவிட்டால் 2015-ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் தண்டம் விதிக்கலாம். நிலம், வீடு நீங்கலாக மற்றவற்றின் மதிப்பு 20 லட்சத்துக்குள் என்றால், 2024 அக்டோபர் முதல் அந்தத் தண்டத்தில் விலக்கு இருக்கிறது. அந்த மட்டிலே ஆறுதல்.

"அப்படியானால் வெளிநாட்டோடு தொழில் செய்கிறவன் இரண்டு இடத்திலும் வரி கட்டிச் சாக வேண்டியதுதானா?" என்று முன்வரிசையிலே ஒரு பெரியவர் கேட்டார். இல்லை, அய்யா. அதற்கும் நம் தமிழ்நாட்டார் வழக்கே ஒன்று இருக்கிறது. மலேசியாவிலே ஈப்போவில் ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த செட்டியார் நிறுவனம் ஒன்று. அங்கே விளைந்த வருமானத்துக்கு இங்கேயும் வரி கேட்டார்கள். தோட்டம் அங்கே, மரம் அங்கே, பால் வடிந்தது அங்கே. இரு நாட்டு உடன்படிக்கை இருக்கையில் இங்கே கேட்கக்கூடாது என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிற்காலத்தில் விதிகள் மாறின. அங்கே வரி விதிக்கப்பட்டதும் இங்கே கணக்கிலே சேரும். ஆனால் அங்கே கட்டியதற்கு இங்கே கழிவு கிடைக்கும், உரிய படிவத்தைக் காலத்தில் கொடுத்தால். தம்பியின் கதையிலே அந்தத் தொல்லையும் பெரும்பாலும் இல்லை. அமெரிக்கரிடம் கூலி வாங்கினாலும் வேலை நடந்தது சேலையூரில். இங்கே செய்த வேலையின் கூலி அமெரிக்க வருமானம் ஆகாது. வாடிக்கையாளர் ஒரு படிவம் கேட்பார். நிரப்பிக் கொடுத்தால் பிடித்தம் இராது. நிரப்பாமல் விட்டு, 30 சதவீதத்தைப் பிடிக்கவிட்டு, பிறகு அழுபவர்கள் உண்டு.

நான் கணக்காளன் அல்லன் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டேன். ஆகவே தாம்பரத்துத் தோழர்கள் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். வருகிற ஞாயிறு காலை நம் படிப்பகத்திலே, கணக்காளர் பணியிலிருக்கும் தோழர் ஒருவர் அமர்ந்திருப்பார். கட்டணம் கிடையாது. உங்கள் வீட்டுப் பிள்ளைகளை அழைத்து வாருங்கள். வரும்போது மூன்று காகிதம் கொண்டுவரச் சொல்லுங்கள்: வாடிக்கையாளருக்கு அனுப்பிய பட்டியல், பணப் பட்டுவாடா நிறுவனம் தந்த பிடித்த விவரம், வங்கியின் அந்நியச் செலாவணி வரவுச் சான்று. மூன்றாவது காகிதம் இல்லாதவர்கள் சனிக்கிழமைக்குள் வங்கிக்குப் போய்க் கேட்டு வாங்கிவிடுங்கள். தரகர் யாராவது கையொப்பம் வாங்கிப் போயிருந்தால் அந்தக் காகிதத்தின் நகலையும் எடுத்து வாருங்கள். அதைத்தான் அவர் முதலிலே பார்க்க விரும்புகிறார்.